மீன் விற்கிற அக்கா ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்

இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். வடசென்னையில் காலநிலை நீதி கேட்டு ஊர்வலம் போக இளைஞர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஊரில் இருக்கிற சங்கங்களை எப்படி அழைப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். அழைத்தால் போகலாமா என்று சங்கங்கள் கேட்கின்றன. இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம். சினிமா, கிரிக்கெட், ஜோசியக் கேள்விகளுக்கு அடுத்த மாதம் பதில்.

கே: நாற்பது அமைப்புகளுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினோம். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். வருவார்களா?
(கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

வரமாட்டார்கள். கும்பிடு போட்டவர் பார்த்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார், வருகிறேன் என்று சொல்லவில்லை. தாய்மாமனுக்குக் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள், தெரியும்.

நாற்பதை விடுங்கள் தம்பி, நாலு இடத்துக்கு நேரில் போங்கள். போகும்போது அச்சடித்த நோட்டீஸ் மட்டும் கையில் வேண்டாம். தேதி, பாதை, கோரிக்கை எல்லாம் முடிவாகி அச்சேறிய காகிதத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிடும்: நம்மைக் கேட்க வரவில்லை, கூட்டம் சேர்க்க வந்திருக்கிறார்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதியதில் ஒன்றாவது கோரிக்கைப் பட்டியலில் ஏறினால்தான் அது அழைப்பு.

கே: மீனவ கிராமத்தில் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் ஊரே வந்துவிடும் என்கிறார்களே?
(அதே குழுவின் இன்னொரு மாணவர்)

தலைவர் வருவார். ஊர் வருமா என்பது வேறு கேள்வி.

மீனவ கிராமத்தில் முடிவுகள் ஊர்க்கூட்டத்தில் எடுக்கப்படும், கிராம நிர்வாகிகள் அதை அறிவிப்பார்கள். ஆகவே அங்கே போவது மரியாதை, போகாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் இல்லை என்றும் பாருங்கள். மீன் விற்கும் பெண்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அவர்களைப் பார்க்க ஏலக்கூடத்துக்குப் போகவேண்டும், அதுவும் ஏலம் முடிந்த பிறகு. ஏலம் நடக்கும்போது போய் புவி வெப்பமடைதல் பற்றிப் பேசினீர்கள் என்றால் அங்கே அந்த நேரத்தில் வெப்பமடைவது புவியாக இருக்காது.

விசைப்படகுக்காரரும் ஃபைபர் படகுக்காரரும் ஒரே கடலில் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரே சங்கத்தில் இருப்பதாக நினைக்காதீர்கள். கரையை ஒட்டி விசைப்படகு வலை இழுக்கிறது என்று பல வருஷத் தகராறு உண்டு. இருவரையும் ஒரே அறையில் முதல்முறை சந்திக்க வைக்கும் பெருமை உங்களுக்கு வேண்டாம். தனித்தனியாகப் போங்கள்.

அப்புறம் இருளர் பழங்குடியினர். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்திலும் பழவேற்காடு பக்கமும் இருளர் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பிடித்த இறாலைப் போடுகிற பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். வேலை நேரத்தில் அவர்களிடம் நீங்கள் என்ன கேட்டாலும் பதில் வராது. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்களுக்கு இடமும் இல்லை. தலைவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் விட்டுப்போகிறவர்கள் இவர்கள்தான். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் முதலில் கால் வைக்கிறவர்களும் இவர்கள்தான்.

கே: ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர்வலம். எல்லாருக்கும் விடுமுறை நாள், வசதிதானே?
(ஐ.டி. ஊழியர், மாதவரம்)

உங்களுக்கு வசதி. சென்னை முழுக்க மீன் குழம்பு கொதிக்கிற நாள் அது. வாரத்தில் மீன் நன்றாக விற்கிற ஒரே நாளில் கூடையைப் போட்டுவிட்டு வா என்றால் மீன் விற்கிற அக்கா வரமாட்டார். வந்தால் ஒரு வார வருமானத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார் என்று அர்த்தம். துணிக்கடைப் பெண்களுக்கும் ஞாயிறுதான் நெரிசல். 2021-ல் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாடு அரசு சொல்லவேண்டியிருந்தது, நடக்க லீவு அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் காலைப் பூசை வேறு.

பத்து மணி என்று எந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்து முடிவு செய்தீர்கள்? வெப்ப அலையைப் பேரிடர் என்று இந்த மாநில அரசே 2024 அக்டோபரில் அறிவித்துவிட்டது. அதனால் உயிர் போனால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். அந்தத் தொகையைச் சோதித்துப் பார்க்கும் நிகழ்ச்சியாக ஊர்வலம் ஆகிவிடக் கூடாது. வார நாளில் மாலை நாலரைக்கு மேல் வையுங்கள். அல்லது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். வெயில் கொளுத்தும்தான், அதற்கு அதிகாலை ஆறு மணி இருக்கிறது. ஐ.டி. ஊழியருக்கு அந்த நேரம் தெரியாது என்பது தனிப் பிரச்சினை.

கே: படிக்காத மக்களுக்குக் காலநிலை மாற்றத்தை எளிமையாக விளக்க ஒரு பயிற்சி வகுப்பு நடத்தலாமா?
(ஆய்வு மாணவி, கிண்டி)

நடத்துங்கள். ஆசிரியர் யார் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1989-ல் தேசிய மீனவர் பேரவை கிழக்குக் கரையிலிருந்து ஓர் அணி, மேற்குக் கரையிலிருந்து ஓர் அணி என்று கடலோரமாகவே கிளம்பி, மே 1 அன்று கன்னியாகுமரியில் கூடியது. தண்ணீரைக் காத்தால்தான் உயிர் என்பதுதான் அவர்கள் கோரிக்கையின் சாரம். அங்கே துப்பாக்கிச் சூடும் நடந்தது. உலகத் தலைவர்கள் ரியோவில் கூடிக் காலநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1992-ல். நம்ம ஆட்கள் மூன்று வருஷம் முந்தி.

ஆகவே விளக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். இறால் எந்த வருஷத்திலிருந்து குறைந்தது, எந்தக் காற்றுக்கு இப்போது கடலுக்குப் போக முடிவதில்லை, மாதத்தில் எத்தனை நாள் எச்சரிக்கைக் கொடி. ஒரு மணி நேரம் கேட்டால் போதும். வடசென்னைக் கரையில் இருக்கிற எண்ணூரின் கதையை அவர்களே கோர்த்துச் சொல்வார்கள்: நிலக்கரியை எரிக்கிறார்கள், சாம்பல் ஆற்றில் இறங்கி ஆழம் குறைகிறது, அனல்மின் நிலையத்துச் சூட்டுத் தண்ணீர் கழிமுகத்தில் கலக்கிறது, புகை மேலே போய்க் கடலைச் சூடாக்குகிறது, சூடான கடலில் புயல் சட்டென்று வலுக்கிறது, அந்தப் புயல் திரும்ப எண்ணூருக்கே வருகிறது. மின்சாரம் மட்டும் வேறு எங்கோ போகிறது. இந்தக் கடைசி வரிக்குத்தான் நீதி வேண்டும் என்கிறோம். இதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை, கால் சேற்றில் இருந்தால் போதும்.

கே: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அழைப்பு வந்தது. எண்ணூர்ப் பிரச்சினைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.
(செயலாளர், அண்ணாநகர்)

சுவிட்சைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வடசென்னை, வல்லூர் என்று அந்தக் கரையில் வரிசையாக நிற்கிற அனல்மின் நிலையங்கள் அங்குள்ள மக்களின் மின்விசிறிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வடசென்னையில் 800 மெகாவாட் மூன்றாம் அலகு 2024 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது, ஆகவே இது பழங்கதையும் இல்லை. உங்கள் வீட்டு ஏ.சி.யின் சாம்பல் இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் விழுகிறது. சங்கக் கூட்டத்தில் இதை அப்படியே வாசியுங்கள். அடுத்த தேர்தலில் செயலாளர் பதவி போனால் நான் பொறுப்பல்ல.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஊர்வலத்துக்கான வேன் செலவுக்குக் கொடுத்தாலே பெரிய உதவி. முன்வரிசையில் நடந்து உதவவேண்டும் என்பதில்லை.

கே: பூமியைக் கெடுத்தவன் அமெரிக்காக்காரன். நாம் ஏன் சார் வெயிலில் நடக்கவேண்டும்?
(ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பெரம்பூர்)

கணக்கு சரிதான். தலைக்கு இத்தனை டன் என்று பார்த்தால் அமெரிக்கரின் கரியமிலவாயு ஆண்டுக்குச் சுமார் 14, இந்தியருக்குச் சுமார் 2. ஏழை நாடுகளுக்கு 2020-லிருந்து ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னவர்கள் நேரத்துக்குத் தரவில்லை என்பதும் சரிதான். உங்கள் வங்கியில் கடன் வாங்கியவர் அப்படி இழுத்தடித்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எழுதி ஒரு பதாகை பிடியுங்கள், பத்திரிகையில் படம் வரும்.

ஆனால் அந்த 2 டன் சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? இரண்டு கார் வைத்திருப்பவரும், காரில் இதுவரை ஏறாத மீன்காரம்மாவும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. மீன்காரம்மாவின் கணக்கைக் காட்டிக் கார்க்காரர் தப்பித்துக்கொள்கிறார். அமெரிக்காவைக் கேள்வி கேட்கும் ஊர்வலம் அண்ணாநகர் வழியாகவும் போகலாம்.

கே: அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறேன். நிலையத்தை மூடு என்று கோஷம் போடுகிற ஊர்வலத்துக்கு என்னையே கூப்பிடுகிறார்கள். துணிச்சல்தான்!
(தொழிலாளர், அத்திப்பட்டு)

துணிச்சல் இல்லை, முட்டாள்தனம். உங்களுடன் உட்கார்ந்து பேசாமல் அந்தக் கோஷத்தை எழுதியிருந்தால்.

பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து ஓடி 2017-ல் மூடப்பட்டது. எந்த நிலையமும் ஒருநாள் மூடப்படத்தான் போகிறது. அன்று நிரந்தர ஊழியருக்கு மாற்றல் ஆணை வரும், ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கேட் பாஸ் காலாவதியாகும். ஆகவே நிலக்கரியிலிருந்து மாறும்போது ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை, சம்பளம், பயிற்சி எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்ற கோரிக்கை ஊர்வலத்தில் இடம்பெற வேண்டும். அதை எழுதவேண்டியவர் நீங்கள். சாம்பல் தூசியை முதலில் சுவாசிக்கிறவரும் நீங்கள்தான் என்பதால் உங்கள் பக்கத்தில் நடக்க மீனவர் சங்கத்துக்கு ஆட்சேபம் இருக்காது. மீனவர்கள் கோரிக்கையை வைத்தால் போதும், உங்களுடையதைச் சேர்க்க மாட்டோம் என்று மாணவர்கள் சொன்னால் போகாதீர்கள். சொன்னது நான் என்றும் சொல்லுங்கள்.

கே: நோட்டீஸில் யார் பெயரை முதலில் போடுவது? இதிலேயே இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது.
(ஒருங்கிணைப்பாளர், வியாசர்பாடி)

இன்னும் இரண்டு கூட்டம் ஆகும். அதற்குள் கடல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஆள் பெயரே வேண்டாம், ஊர்ப் பெயர் போடுங்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், கொடுங்கையூர் என்று. தலைவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

கே: கட்சிக்காரர்கள் கொடியோடு வருகிறோம் என்கிறார்கள்.
(அதே ஒருங்கிணைப்பாளர்)

வரட்டும். கொடி வீட்டில் இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாதவருக்குக் கூட்டத்தின் கடைசி வரிசையைக் காட்டுங்கள், தானாக வேறு வேலை வந்துவிடும்.

கே: ஒரு பெரிய நடிகரை அழைத்தால் கூட்டம் அள்ளுமே?
(வாசகர், புதுவண்ணாரப்பேட்டை)

அள்ளும். அள்ளிக்கொண்டு நடிகர் போனதும் போய்விடும்.

நியூயார்க்கில் 2014 செப்டம்பர் 21 அன்று நடந்த மக்கள் காலநிலைப் பேரணியில் லியொனார்டோ டிகாப்ரியோ நடந்தார், அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் நடந்தார். மூன்று லட்சத்துக்கு மேல் கூட்டம் என்றார்கள், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்திருந்தன. ஆனால் அணிவகுப்பில் முதல் இடம் யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்திருந்தார்கள்: பழங்குடிகள், பாதிப்பை நேரில் வாங்கும் பகுதி மக்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு சாண்டி சூறாவளியில் நனைந்த ஊர் அது, யாருக்கு என்ன போயிற்று என்று தெரிந்திருந்தது. தொழிற்சங்கங்கள், மாணவர்கள், விஞ்ஞானிகள், மதக் குழுக்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால்தான். நம் ஊரில் மேடை நாற்காலிக்கு நடக்கிற யுத்தத்தை நினைத்தால் இதுதான் அந்தப் பேரணியின் நிஜமான சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

கலைஞர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. டி.எம். கிருஷ்ணா 2017-ல் சென்னை புறம்போக்குப் பாடலுக்காக எண்ணூருக்கே போய் நின்று பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. கச்சேரி ராகம், சென்னைப் பேச்சு, பின்னால் புகைபோக்கி. நடிகர் அப்படி ஊருக்கு வந்து சாம்பலில் நிற்பதாக இருந்தால் தாராளமாக அழையுங்கள். கேரவன் நிறுத்த இடம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அங்கே உண்மையிலேயே இல்லை, கன்டெய்னர் லாரி நிற்கிறது.

கே: நாங்கள் கோயில் திருவிழாக் குழு. எங்களுக்கும் இதற்கும் என்ன?
(விழாக் குழு, திருவொற்றியூர்)

ஆயிரம் பேரை வெயிலில் நடத்திக் கூட்டிப்போய், மயக்கம் போடாமல், செருப்புத் தொலையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் அனுபவம் இந்த ஊரில் உங்களுக்கு இருக்கிறது. வேளாங்கண்ணிப் பாதயாத்திரைக் குழுக்களுக்கு இருக்கிறது. மசூதி ஜமாத்துக்கு நோன்புக் கஞ்சி வினியோகத்தில் இருக்கிறது. காலநிலைக் குழுவுக்கு இல்லை. அவர்களிடம் பவர்பாயின்ட் இருக்கிறது.

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போட்டால், இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். வழியிலிருந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் சோறு போடவில்லை. பொட்டலம் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். மரத்தின் மேல் வழக்குப் போட கலெக்டரால் முடியவில்லை. நடந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன, பொட்டலம் கட்டியவர்கள் பெயர் இல்லை, ஆனால் அவர்கள் இல்லாமல் யாரும் வேதாரண்யம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. உங்களுக்கு அந்த அளவு கஷ்டம் வராது. நீர்மோர்ப் பந்தல் மூன்று, பெண்களுக்குக் கழிப்பறை வசதியுள்ள மண்டபம் ஒன்று. பிந்தையது இல்லாததால் ஊர்வலத்துக்கு வராத பெண்கள் எத்தனை பேர் என்று எந்த ஒருங்கிணைப்பாளரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கே: ஃபிளெக்ஸ் பேனர் ஐம்பது அடிக்கலாம் என்று இருக்கிறோம். ஸ்பான்சர் கிடைத்துவிட்டார்.
(இளைஞர் மன்றம், கொருக்குப்பேட்டை)

பிளாஸ்டிக்கில் பூமியைக் காப்பாற்று என்று அச்சடிக்கப் போகிறீர்கள். 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம் பெண்ணின் உயிர் போன பிறகும் இந்த ஆசை நமக்குப் போகவில்லை.

பழைய காடாத்துணி, எழுதத் தெரிந்த போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃபிளெக்ஸ் வந்து வேலை போனவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அழைக்கவேண்டிய குழுக்கள் பட்டியலில் அவர்களையும் சேருங்கள். ஸ்பான்சர் யார், அவருக்கு எத்தனை லாரி ஓடுகிறது என்றும் விசாரியுங்கள்.

கே: போலீஸ் அனுமதி?
(பல வாசகர்கள்)

ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை அரசியல் சட்டம் 19-வது பிரிவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுக்கவேண்டும். ரொம்ப முன்னாலேயே கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புதல் முத்திரை வாங்குங்கள், பாதையைத் தெருத்தெருவாக எழுதுங்கள், பொறுப்பாளர் பெயரில் மாணவர் பெயரை மட்டும் போடாதீர்கள். வழக்கு வந்தால் பாஸ்போர்ட்டுக்கு அலைகிறவர் அவர்தான். வக்கீல்கள் குழு ஒன்றையும் அழையுங்கள், கோஷம் போட அல்ல. கடற்கரையில் நடத்துகிறோம் என்று கேட்டால் மெரினா கிடையாது என்பார்கள், அந்த வாதத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் கதை முடிந்துவிடாது. 2015 நவம்பரில் பாரிஸில் காலநிலை மாநாட்டுக்கு முந்தைய நாள் பெரிய பேரணி நடக்க இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த பயங்கரவாதத் தாக்குதலால் தடை விழுந்தது. நடக்க இருந்தவர்கள் ரிபப்ளிக் சதுக்கத்தில் தங்கள் செருப்புகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கான ஜோடி. போப் பிரான்சிஸ் ஒரு ஜோடி அனுப்பியிருந்தார். நம் ஊரில் இதைச் செய்தால் சாயங்காலத்துக்குள் நல்ல ஜோடிகள் காணாமல் போகும். பழசாகப் பார்த்து வையுங்கள்.

கே: ஊர்வலம் போய் இதுவரை எதையாவது சாதித்திருக்கிறார்களா?
(சந்தேகப் பிராணி என்று கையெழுத்திட்டவர், ராயபுரம்)

மேலூர்ப் பக்கம் விசாரியுங்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போன செய்தி வந்தது. மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அது. கிராமங்கள் கூடின. 2025 ஜனவரி 7 அன்று மதுரையை நோக்கி நடந்தார்கள், மேலூரில் வணிகர்கள் கடையைச் சாத்தினார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடந்தது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், சட்டமன்றத் தீர்மானமும் இருந்தது, அரசியல் கணக்குகளும் இருந்தன. ஆனால் அங்கே யாரும் யாரையும் வெளியூரிலிருந்து அழைத்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர் தானே கிளம்பியது, வெளியூர்க்காரர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கடைக்காரர் ஷட்டரை இறக்கியதும் அழைப்பை ஏற்றுக்கொண்டதுதான்.

கோர்ட்டுகளும் மெதுவாக அசைகின்றன. கானமயிலுக்கும் மின்கம்பிக்கும் நடந்த வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அடிப்படை உரிமை என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பசிபிக் தீவு மாணவர்கள் சிலர் 2019-ல் வகுப்பறையில் தொடங்கிய யோசனையை வனுவாட்டு நாடு தூக்கிக்கொண்டு போய், 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் நாடுகளின் பொறுப்பைப் பற்றிக் கருத்துரை வழங்கியது. சந்தேகப்படுங்கள், நல்லது. சந்தேகப்பட்டுக்கொண்டே நடக்கவும் முடியும்.

கே: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அது காயுமுன் அம்மோனியா. யார் யாரோ வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். இப்போது ஊர்வலமாம். நாங்கள் எதற்கு வரவேண்டும்?
(எண்ணூர் வாசகி)

வரவேண்டாம் அம்மா. அவர்கள் உங்களிடம் வரட்டும்.

மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கியபோது, அதை அள்ளியவர்கள் உங்கள் ஊர் ஆட்கள். கையில் குவளையும் வாளியும். உடம்பெல்லாம் கறுப்பு, படகு கறுப்பு, வலை கறுப்பு. வலை என்றால் கழுவிக் காயப்போடுகிற துணி என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எண்ணெய் ஊறிய வலை குப்பைதான், புதிதாக வாங்க ஆயிரங்கள் ஆகும். அந்த மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினீர்கள். விடிந்ததும் ஆலை வாசலில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். யாருடைய அழைப்புக் கடிதத்துக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே உங்களைக் கூப்பிடுகிறவர்களிடம் சில விஷயங்கள் கேளுங்கள். ஊர்வலம் எங்கே தொடங்குகிறது? எங்கள் தெருவில் தொடங்கினால் யோசிக்கலாம். மைக் யார் கையில்? கோரிக்கை மனுவை அதிகாரியிடம் கொடுக்கும்போது யார் உள்ளே போகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள்? அடுத்த முறை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாடை வந்தால் யாருக்குப் போன் செய்வது, எடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு ஒரு நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நம்பரை நீங்கள் ஒருநாள் ராத்திரி அடித்துப் பார்த்து, எடுத்தார்கள் என்றால் ஊர்வலத்துக்குப் போங்கள். இதை எழுதும்போது எனக்கு நகைச்சுவை வரவில்லை, வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: எத்தனை பேர் வந்தால் வெற்றி?
(ஒருங்கிணைப்பாளர், வியாசர்பாடி. மூன்றாவது கேள்வி. ஐயா, கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள்.)

போலீஸ் சொல்கிற எண்ணிக்கைக்கும் நீங்கள் சொல்கிற எண்ணிக்கைக்கும் நடுவில் எங்கோ. அதை விடுங்கள். இதற்கு முன் உங்கள் யாருடைய போனிலும் நம்பர் இல்லாத ஆட்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள்.

கே: உணவு டெலிவரி பையன்களை அழைக்க நினைக்கிறோம். அவர்களுக்குச் சங்கமே இல்லையே?
(மாணவி, அயனாவரம்)

இருக்கிறது, பிரியாணிக் கடை வாசலில். ஆர்டர் வரும் வரை நிழலில் நிற்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் சங்கக் கூட்டம். சென்னையில் வெயிலை அவர்களைவிட அதிகம் அறிந்தவர் கிடையாது. 2025-ல் அண்ணாநகரில் மாநகராட்சி அவர்களுக்காக ஏ.சி. ஓய்வறை திறந்தது. வடசென்னைக்கும் அப்படி வேண்டும் என்று கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டு அழையுங்கள். ஊர்வலத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் அன்றைய ஊக்கத்தொகை போய்விடும் என்பார்கள். பைக்கிலேயே கடைசி வரிசையில் வரட்டும், ஆர்டர் வந்தால் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்ளட்டும்.

கே: எங்கள் மகளிர் குழுவில் பதினைந்து பேரும் வரத் தயார். ஆனால் அன்று சாயங்காலம் வாரத் தவணை வசூலிக்க ஆள் வருவார். ஆள் இல்லை என்றால் அபராதம், ஏச்சு. என்ன செய்வது?
(குழுத் தலைவி, எர்ணாவூர்)

இத்தனை கடிதங்களில் ஒழுங்கான கேள்வி இதுதான். ஒருங்கிணைப்பாளர் எவரும் வசூல் கிழமையை விசாரித்துவிட்டுத் தேதி வைத்ததாகத் தெரியவில்லை. முதலில் தேதியை மாற்றச் சொல்லுங்கள், பதினைந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. மாற்ற முடியாது என்றால் தவணையைக் காலையிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் வசூல்காரத் தம்பியையும் ஊர்வலத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மே மாத வெயிலில் தெருத்தெருவாக பைக்கில் அலைகிறவர்தான் அவரும். நோட்டை மட்டும் ஆபீஸில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.